நாலு முழம் மல்லிகையும் மூன்று விரற்கடை ஃபோகஸும்

போன வாரம் நம் போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்: "மேடம், உங்ககிட்ட இருக்கற அந்தப் பெரிய லென்ஸ், முழுசாத் திறந்து வச்சா எவ்வளவு ஷார்ப்பா இருக்கும்?" கேள்விக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் முளைத்திருந்தன. அதை வைத்து யாரை எடுத்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஸ்டுடியோக் கடையை மூடிவிட்டேன், கேமராப் பையை இறக்கி வைத்துவிட்டேன், கோபத்தை மட்டும் இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், பட்டியல் போட்டே தருவார். பதில் நீளமானது. டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த லென்ஸ். பழைய காலத்து வடிவத்தைப் பார்த்து இந்தக் காலத்தில் கொஞ்சமே கொஞ்சம் செய்து விற்றார்கள். பித்தளை உடம்பு, கறுப்புப் பூச்சு, வளையத்தில் தூரத்தை அடியாகவும் மீட்டராகவும் செதுக்கியிருப்பார்கள். முன்கண்ணாடி அத்தனை பெரிது, இருட்டில் இருக்கிற சொட்டு வெளிச்சத்தையும் உறிஞ்சி எடுத்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி எங்கோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதை என் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் பிலிம் கேமராவில் மாட்டியதும் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது என்னடி, தீப்பெட்டியில ஊறுகாய் ஜாடிய ஒட்டினாப்ல இருக்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரிதான்.

ரேஞ்ச்ஃபைண்டர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரத்தில் இருக்கும் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் எதிரே இருப்பவர் இரண்டு பேராகத் தெரிவார். வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒருவராவார்கள். அதுதான் ஃபோகஸ். அந்த இரண்டாவது ஆளை உள்ளே கொண்டுவருவது கேமராவின் நெற்றியில் இருக்கும் ஒரு குட்டிச் சன்னல், துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். இந்தக் குட்டிச் சன்னலை மறந்துவிடாதீர்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

லென்ஸ் வழியாகப் பார்க்காததால் நடக்கும் கூத்துகள் நிறைய. முதல் பிலிம் ரோல் முழுவதையும் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்தேன். சன்னல் வழியாக எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது. கழுவிப் பார்த்தால் முப்பத்தாறு கட்டமும் வெற்றாக இருந்தது. இரண்டாவது தொல்லை, ஜாடி பெரிது என்பதால் பார்வையின் கீழ் வலது மூலையை அது மறைத்துவிடும். அங்கே என்ன நடந்தாலும் எடுப்பவருக்குத் தெரியாது, படத்தில் மட்டும் விழும். மூன்றாவது, முழுவதும் திறந்து வைத்தால் ஃபோகஸ் மெலிந்துவிடும். ஐந்தடி தூரத்தில் நிற்கும் ஆளை எடுத்தால் மூன்று விரற்கடை, அதாவது மூன்று விரல் அகலம், ஆழம்தான் தெளிவாக வரும். கண்ணுக்கு வைத்தால் காது கரைந்துவிடும்.

இப்படிப்பட்ட ஒன்றை எதற்குக் கட்டி அழுதாய் என்று கேட்பீர்கள். ரெங்கசாமி அண்ணனுக்காக.

ரெங்கசாமி அண்ணன் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நெல் விவசாயி. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், மீசை நன்றாக இருக்கும், சிரித்தால் அழகு. ஆனால் எந்தப் போட்டோவிலும் அவருக்குக் கண் கிடையாது. வாக்காளர் அட்டையில் மூடியிருக்கும். ஆதாரில் ஒரு கண் மூடி, இன்னொன்று பாதி. மூத்த மகள் கல்யாண ஆல்பத்தில் வரவேற்பிலிருந்து பந்தி வரைக்கும் ஒவ்வொரு படத்திலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். உறவுக்காரர்கள் "ரெங்கசாமி தூங்கிக்கிட்டே பொண்ணக் கட்டிக் குடுத்தாரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஆல்பத்தை எடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இரண்டாவது மகள் கார்த்திகாவுக்கு நிச்சயம் ஆனபோது மறுபடியும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிளாஷ் கூசித்தான் மூடுகிறார் என்று நினைத்து, நிச்சயதார்த்தத்தில் பிளாஷ் இல்லாமல் எடுத்துப் பார்த்தேன். அப்போதெல்லாம் நம் கையில் இருந்தவை உள்ளே கண்ணாடி ஆடும் டிஜிட்டல் கேமராக்கள். 'டக்' என்ற சத்தம் கேட்டதுமே அவர் இமை இறங்கிவிட்டது. பதினாறு படம், பதினாறிலும் கண் இல்லை. அன்று மத்தியானம் கார்த்திகா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க அக்கா மவன் சிங்கப்பூர்லேருந்து வீடியோ கால்ல கேக்குறான், தாத்தாவுக்குக் கண்ணு தெரியாதான்னு. அப்பா சிரிச்சிக்கிட்டே 'தெரியும்டா தங்கம்'னாரு. அப்புறம் போய் மாட்டுக் கொட்டாயில ரொம்ப நேரம் நின்னாரு. என் கல்யாணத்துல நூறு போட்டோ வேணாம்க்கா. எனக்குத் தாரை வாக்குறப்ப அப்பா கண்ணத் தொறந்து இருக்கிற மாதிரி ஒன்னே ஒன்னு எடுத்துக் குடுங்க. இதுதான் இந்த வீட்ல கடைசிக் கல்யாணம்."

தாரை வார்ப்பது என்றால் உங்களுக்குத் தெரியும். பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, தாய் மேலே தண்ணீர் ஊற்ற, தகப்பன் பெண்ணைக் கொடுக்கும் சடங்கு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொரு தரம் செய்யுங்கள் என்று சொல்ல முடியாது. கல்யாணமோ ஆற்றங்கரைக் கோயிலில், தூண்கள் நெருக்கமாக நிற்கும் மண்டபத்தில். உள்ளே பிளாஷ் கூடாது என்று கோயிலிலேயே சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் குறைவு, சத்தம் கூடாது. அப்போதுதான் ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்தது. ரேஞ்ச்ஃபைண்டரின் சத்தம் நாக்கைச் சப்புக்கொட்டுவதைவிடக் குறைவு. இருட்டை அந்த லென்ஸ் பார்த்துக்கொள்ளும். கார்த்திகாவின் கையைப் பிடித்து, "எடுத்துத் தர்றேன், இது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். கண்டிப்பாக எடுப்பேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான். அன்று சொல்லிவிட்டேன்.

ஆவணி முகூர்த்தம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. காலையில் கோயில் வாசலில் தலைக்குப் பூ வாங்கினேன். பூக்காரம்மா பெயர் அஞ்சலை. வாழைநாரில் நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. நாலு முழம் கேட்டேன். அளந்து கொடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இது முழமா? கைக்குழந்தை முழம் மாதிரில்ல இருக்கு?"

"எங்கை இவ்ளோதாங்க. வேணும்னா நீளக் கைக்காரியாப் பாத்து வாங்கிக்குங்க," என்றாள் அஞ்சலை, முகத்தைக்கூடத் திருப்பாமல்.

நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. வாசலில் நின்ற நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே பூவைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அடுத்த தப்பு காபி. மற்ற படங்களை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஒரு படம்தான் வேலை. சடங்குக்கு நேரம் இருக்கிறது என்று கேமராவைச் சந்தனக் கிண்ணம் வைத்திருந்த மேசையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கேமரா மங்களகரமாக உட்கார்ந்திருக்கிறது. தலையில் ஒரு சந்தனப் பொட்டு, ஜாடி விளிம்பில் ஒன்று, நடு நெற்றியில் ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். பக்கத்தில் ரெங்கசாமி அண்ணனின் அக்கா பூரிப்போடு நிற்கிறார்.

"புதுச் சாமானா இருக்கே, கண்ணு பட்டுடும்னு நாந்தாம்மா பொட்டு வச்சேன். நெத்தி மாதிரி குழியா ஒரு எடம் இருந்துச்சு பாரு, அதுல அழகா நின்னுக்கிச்சு."

அந்த நெற்றிதான் நான் மறக்காதீர்கள் என்று சொன்ன குட்டிச் சன்னல். கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எதிரே நின்ற தூண் ஒன்றாகத்தான் தெரிந்தது. வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றாகவே தெரிந்தது. இரண்டாவது ஆள் உள்ளே வரும் வழியை அக்கா சந்தனத்தால் பூசி அடைத்துவிட்டார். சேலைத் தலைப்பால் துடைத்தேன். குங்குமத்தில் எண்ணெய் குழைத்திருந்தார்கள் போலிருக்கிறது, சந்தனமும் அதுவும் சேர்ந்து குழியின் மூலைகளில் சேறு மாதிரி அப்பிக்கொண்டது. சன்னல் மஞ்சளிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறியதுதான் மிச்சம்.

குருக்கள் அங்கிருந்து குரல் கொடுத்தார்: "இன்னும் அஞ்சு நிமிஷத்துல தாரை. பொண்ணோட அப்பா அம்மா தயாரா இருங்கோ."

ஐந்து நிமிடம். நம் தொழிலில் அது நிறைய நேரம். ஒரு தீக்குச்சியும் ஈரத்துணியும் தேடியிருந்தால் ஒருவேளை சுத்தம் செய்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதில் இரண்டு நிமிடத்தை அந்த அக்காவிடம் கத்துவதில் கழித்தேன். "உங்களை யார் பொட்டு வைக்கச் சொன்னது? கேமரா என்ன கல்யாணப் பொண்ணா?" என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். பாவம், அவர் கண் கலங்கிவிட்டது. அவர் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பொட்டு வைத்தது அவர் தப்பு இல்லை, சந்தனக் கிண்ணத்துப் பக்கத்தில் கேமராவை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனது என் தப்பு. மிச்சம் மூன்று நிமிடம்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூண் ஓரமாக கார்த்திகா மணப்பெண் கோலத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'எல்லாம் சரிதானேக்கா?' என்று கண்ணாலேயே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய ஆட்டலில் தலையிலிருந்த மல்லிகைச் சரம் நழுவித் தோளில் விழுந்தது.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு உருவம் சேராவிட்டால் என்ன? லென்ஸ் வளையத்தில்தான் அடிக்கணக்கு செதுக்கியிருக்கிறதே. ஆள் எத்தனை அடியில் நிற்கிறார் என்று துல்லியமாகத் தெரிந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டுகூட ஃபோகஸ் வைக்கலாம். டேப் இல்லை. ஆனால் தோளில் நாலு முழம் மல்லிகை இருக்கிறது. நாலு முழம் என்றால் ஆறு அடி. சட்டென்று வளையத்தை ஆறில் வைத்தேன். வைத்த கையோடு ஒரு சந்தேகம். யாருடைய முழம்? காலையில் வாசலில் நின்று கைக்குழந்தை முழம் என்று கத்தியவள் நான்தானே.

சரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். என்னைக் கண்டதும் அஞ்சலை எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "என்ன, திருப்பிக் குடுக்க வந்தீங்களா? தலையில வச்ச பூவை வாங்க மாட்டேன்."

"அஞ்சலை, தாயே, சண்டைக்கு வரலை. உன் முழம் உண்மையில எவ்வளவு? நிஜத்தைச் சொல்லு."

"ஒன்றரை அடிதாங்க. ஊர்ல எல்லாருக்கும் உள்ளதுதான்."

"கல்யாணப் பொண்ணோட அப்பா படம் இதுலதான் இருக்கு. தப்பா அளந்தா அவர் மூஞ்சி கலைஞ்சு போயிரும். சொல்லும்மா."

அஞ்சலை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, முன்கையில் பச்சை குத்தியிருந்த ஒரு புள்ளியைக் காட்டினாள். "முழங்கை முட்டி வரைக்கும் அளக்கறதில்லீங்க. நடு விரல்லேருந்து இந்தப் புள்ளி வரைக்குந்தான். தையக்கார டேப்பு வச்சி அளந்து குத்துனது. ஒன்னேகால் அடி. முன்னப் பின்ன இருக்காது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பொழப்பு போயிரும்."

ஒன்னேகால் அடி, நாலு தரம். ஐந்தடி. வளையத்தை ஐந்தில் வைத்தேன். ஒன்று சொல்லட்டுமா? துல்லியமான அளவு வேண்டுமென்றால் குறைத்து அளப்பவரிடம் கேளுங்கள். எவ்வளவு குறைக்கிறோம் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும். (அஞ்சலை இப்போது மகளோடு திருப்பூரில் இருக்கிறாள். பூ விற்பதை விட்டுவிட்டாள். ஆகவே ரகசியத்தை உடைக்கலாம்.)

அஞ்சலையையே கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். சரத்தின் ஒரு முனையைக் கேமராவில் வார் மாட்டும் வளையத்தில் கட்டினேன். இன்னொரு முனை அஞ்சலை கையில். "அவர் கண்ணோரமாப் பிடிச்சுக்க. அவர் நகர்ந்தா நீயும் நகரு. நார் விறைப்பா இருக்கணும், அவ்வளவுதான்." நார் விறைத்திருந்தால் ஐந்தடி, தொய்ந்தால் நான் பின்னால் போக வேண்டும். மூன்று விரற்கடைக்குள் அவர் கண்ணை நிறுத்த எனக்கு இருந்த கருவி அந்த மல்லிகைச் சரம் ஒன்றுதான்.

குருக்கள் மந்திரத்தை நிறுத்தி, கேமராவுக்கும் பெண்ணின் தகப்பன் காதுக்கும் நடுவே நீண்டிருந்த பூச்சரத்தைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"வழக்கம்," என்றேன். வேறென்ன சொல்ல?

"யாரோட வழக்கம்?"

மாப்பிள்ளை வீட்டார் அது பெண் வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண் வீட்டார் அது மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்தவர் வழக்கத்தைக் குறை சொல்லக் கூடாது என்று இரண்டு பக்கமும் பெரிய மனிதர்களாக வாயை மூடிக்கொண்டார்கள். குருக்களும் தோளைக் குலுக்கிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

ரெங்கசாமி அண்ணன் கார்த்திகாவின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். கீழே பித்தளைத் தாம்பாளம். அவர் மனைவி சொம்பை உயர்த்தினார். நார் விறைப்பாக இருந்தது. சன்னலில் அவர் முகம் தெரிந்தது, பக்கத்துத் தூண்களுக்கு நடுவே வந்த காலை வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. பிளாஷ் இல்லை. சத்தம் இல்லை. எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இறுக, பல்லைக் கடித்துக்கொண்டு, இமை சுருங்க மூடிக்கொண்டார். யாரும் எதுவும் செய்யவில்லை. நான் விரலைக்கூட அசைக்கவில்லை. பிளாஷ் காரணம், சத்தம் காரணம் என்று நான் கட்டி வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த நொடியில் சரிந்தது. தேடிக் கொண்டுவந்த லென்ஸ், பூக்காரியின் பச்சைப் புள்ளி, எல்லாம் இருந்தும் வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. சொம்பிலிருந்து தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, கண்ணத் தொறங்க" என்று கூப்பிட்டிருக்கலாம். நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் என்னை முதலில் வேலைக்கு எடுத்தவர் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் என்னைத் திட்டியிருக்கிறார்: சடங்கு நடக்கும்போது வாயைத் திறந்ததற்கு. கூப்பிட்டால் அவர் திறப்பார், திறந்து என்னைப் பார்ப்பார். போட்டோகிராபரைப் பார்க்கும் தகப்பன் படம் கார்த்திகாவுக்கு எதற்கு? நான் காத்திருந்தேன். தைரியத்தில் இல்லை, வேறு வழி தெரியாமல்தான்.

திடீரென்று சளசளவென்று கல்லில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ரெங்கசாமி அண்ணனின் கண் படக்கென்று திறந்தது. முழுவதுமாக, அகலமாக. "ஏ! தண்ணி வெளிய போவுது பாரு!" என்று மந்திரத்துக்கு நடுவே கத்திவிட்டு, தண்ணீரையும் அதன் மேலே இருந்த மகள் கையையும் பார்த்தார். நார் விறைப்பாக இருந்தது. அழுத்தினேன். ஒரே ஒரு படம். அடுத்ததற்கு பிலிமைச் சுற்றுவதற்குள் மண்டபமே சிரித்து, அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

கீழே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. அந்த மூலையை ஜாடி மறைத்திருந்தது. அவர் மனைவி கை நடுங்கிச் சொம்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பந்தி முடியும் வரைக்கும் அந்த அம்மாவை விடவில்லை. "தாம்பாளத்துக்கே ஊத்தத் தெரியல, இவங்க எப்படி நாத்தங்காலுக்குத் தண்ணி பாச்சினாங்க?" என்று ஒரே கேலி. அந்த அம்மாவும், "நான் நேராத்தான் ஊத்தினேன்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். நான் பொட்டு வைத்த அக்காவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் இலையில் இரண்டாவது ஜாங்கிரியை வைத்தார். அவ்வளவுதான், சமாதானம்.

மறுநாள் வீட்டில் பிலிமைக் கழுவினேன். பூதக்கண்ணாடியை நெகட்டிவில் வைத்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காது கரைந்திருந்தது, பின்னால் இருந்த தூண் பனிமூட்டமாக இருந்தது, இடது ஓரத்தில் மல்லிகைச் சரம் வெள்ளைப் புகையாக நின்றது. ஆறு அடிக்கு வைத்திருந்தால் தூணுக்குத்தான் அழகான படம் கிடைத்திருக்கும். அஞ்சலை வாழ்க என்று சமையலறையில் நின்று சத்தமாகவே சொன்னேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டபோதுதான் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, திறந்த அந்தக் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. இன்னொன்று, எனக்கு மறைந்திருந்த கீழ் வலது மூலை. மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் சொம்பு நேராகத்தான் இருக்கிறது. தண்ணீர் நேராகத்தான் விழுகிறது. கார்த்திகாவின் கை மட்டும் வாய்க்கால் மடையைத் திருப்பினாற்போல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

மறுவீட்டுக்கு அவள் வந்திருந்த அன்று பிரிண்டை எடுத்துக்கொண்டு போனேன். படத்தைக் காட்டி, விரலை அந்த மூலையில் வைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்கப்பாவ எனக்குத் தெரியாதாக்கா? நீங்க பூவக் கட்டிக்கிட்டு அல்லாடுனதப் பாத்தேன். நிமிந்தா அப்பா கண்ண மூடிட்டாரு. தூக்கத்துலகூட மடையில தண்ணி சத்தம் மாறுனா எந்திரிச்சி ஓடுற மனுசன். தண்ணி வீணாப் போனா கண்ண மூடிக்கிட்டு இருக்க மாட்டாருன்னு கைய லேசாச் சாச்சேன்."

வயலிலிருந்து வந்த ரெங்கசாமி அண்ணன் கையைக் கழுவித் துண்டில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "என் கண்ணு இப்படியாம்மா இருக்கும்?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிளாஷுன்னால கண்ணு கூசும், அது நெசந்தான். ஆனா பெரியவளுக்குத் தாரை வாக்குறப்ப அதுக்காக மூடலம்மா. அழுதுடுவேன்னு பயந்து மூடினேன். ஆம்பள அழுவுறதப் படமாப் புடிச்சி ஆல்பத்துல வச்சா ஊரு சிரிக்கும்னு நெனச்சேன். மூடினதுக்கும் சிரிச்சாங்க" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "நான் நேராத்தான் ஊத்தினேன்னு இப்பவாவது ஒத்துக்குங்க" என்று கத்தினார். படம் அன்று சாயங்காலமே போனில் சிங்கப்பூர் போயிற்று. பேரன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. ரெங்கசாமி அண்ணன் அடுத்த வாரம் கடைக்கு வந்து, புதிதாகப் பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். இதிலும் ஒரு கண் பாதி மூடித்தான் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த லென்ஸ் எவ்வளவு ஷார்ப் என்று கேட்டீர்களே, இதுதான் பதில். அவர் கண் எதற்குத் திறக்கும் என்று தெரிந்த ஒருத்தி கையைச் சாய்த்தாள். லென்ஸ் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. அஞ்சலை தூரத்தைக் கொடுத்தாள். நான் செய்தது, வாயை மூடிக்கொண்டிருந்தது ஒன்றுதான். அதைச் செய்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் இந்தத் தை மாதம் குத்தாலம் பக்கம் ரெங்கசாமி அண்ணனின் தம்பி மகள் கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். போட்டோ எடுத்தது உங்களில் ஒரு பையன்தான், பெயர் சொல்லவில்லை. தாரை வார்க்கும் நேரம் வந்ததும் குருக்கள் நிமிர்ந்து, "பூச்சரம் பிடிச்சாச்சா?" என்று கேட்டார். எனக்குப் புரை ஏறிவிட்டது. நாலு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து ஒரு முனையை அந்தப் பையன் கேமராவில் கட்டினார்கள். மறு முனையைத் தம்பியின் கண்ணோரமாகப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றவர் ரெங்கசாமி அண்ணன். "சார், என் கேமரா தானாவே ஃபோகஸ் பண்ணிக்கும்" என்று பையன் கெஞ்சினான். "அது உன் கேமரா வழக்கம். இது எங்க குடும்ப வழக்கம்" என்றார் அவர்.

நான் அவர் பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன். "அண்ணே, அது வழக்கமே இல்லை. உங்க அக்கா வச்ச பொட்டுல கேமரா கண்ணு அடைச்சிப் போயி, அளவெடுக்கக் கட்டுனது."

"தெரியும்மா. அஞ்சலை அன்னிக்கே சொல்லிட்டா," என்றார், நாரைத் தளரவிடாமல். "அதுனால என்ன? தம்பியும் என்னை மாதிரிதான், மூடிக்குவான். காதோரம் அண்ணன் ஒருத்தன் நிக்கட்டுமே."

தம்பி மூடிக்கொண்டார். அண்ணனைப் போலவே, இறுக. சொம்பு இந்த முறை கார்த்திகா கையில் இருந்தது, தம்பி மனைவிக்குக் கை வலி என்று வாங்கிக்கொண்டாளாம். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சளசளவென்று தண்ணீர் கல்லில் கொட்டியது. தம்பியின் கண் படக்கென்று திறந்தது. முழுவதுமாக, அகலமாக, தளும்பி நின்ற கண்.

நம் பையன் தலையைக் குனிந்து, முந்தைய படம் எப்படி வந்திருக்கிறது என்று கேமராவின் பின்திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் முகம் செத்துவிட்டது. நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கார்த்திகா சொம்பை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னாள்:

"பரவால்ல தம்பி, நிமிந்து பாரு. சொம்புல இன்னும் தண்ணி இருக்கு."